பக்கத்து மேசையில் சீன பி.எச்டி மாணவரா? வெளிநாட்டு லேபில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டில் பி.எச்டிக்கு இடம் கிடைத்து, பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போய் இறங்கியதும் வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது, புளி எந்தக் கடையில் கிடைக்கும் என்றெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்து மேசையில் உட்காரப் போகிறவரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அவர் சீனாவிலிருந்து வந்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கும் வெளிநாட்டினரில் சீனர்களே முதலிடம், இந்தியர்கள் அடுத்த இடம். ஐரோப்பாவிலும் எந்தப் பொறியியல் லேபுக்குள் நுழைந்தாலும் இரண்டு மூன்று பேரையாவது பார்ப்பீர்கள்.

நான் ஜெர்மனியில் ஐந்து வருடம் இருந்தேன். கான்சு மாகாணத்துத் தோழி ஒருவரின் மேசையும் என் மேசையும் ஒட்டியே இருந்தன. முதல் வருடம் முழுக்க, அவர் யாரோடும் ஒட்டாதவர் என்றே நினைத்துவிட்டேன். அந்த அமைதிக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம், விசா, வயதான பெற்றோர், நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வயது வரம்பு என்று இத்தனை இருந்தது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு அந்த ஒரு வருடம் வீணாக வேண்டாம்.

முதல் வாரம்: பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள்

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு யாவ்தான் குடும்பப் பெயர். மேலைநாட்டுப் படிவங்களில் இது தலைகீழாகிவிடும். இனிஷியலோடு பிறந்த நமக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். நம்மை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவர்களைக் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதனால் "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். எக்ஸ் எழுத்தில் தொடங்கும் பெயர் ஏறக்குறைய 'ஷ' ஒலியில் தொடங்கும். கியூ எழுத்து 'பச்சை'யில் வரும் ச்ச. இந்த இரண்டும் தெரிந்தாலே பாதிப் பெயர்களைச் சரியாகச் சொல்லிவிடலாம். பலர் தாங்களே ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வாயில் தங்கள் பெயர் நொறுங்குவதைக் கேட்டு அலுத்துப்போய். சொந்தப் பெயரைச் சரியாகச் சொல்லும் ஒருவர் கிடைத்தால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இதில் தொழில் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. வாங், லி, ஜாங், லியூ, சென் என்ற ஐந்தே குடும்பப் பெயர்களில் சீன மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம் அடங்கிவிடுகிறது. ஆங்கில எழுத்தில் ஒரே பெயரில் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் இருப்பார்கள். ஒருவர் கட்டுரை இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். முதல் மாதத்திலேயே இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வோர் ஆய்வாளரையும் தனியாக அடையாளம் காட்டும் ஆர்கிட் எண்ணை வாங்கிவிடுங்கள். இலவசம், பத்து நிமிட வேலை.

பேச்சை எப்படித் தொடங்குவது என்ற தயக்கம் வேண்டாம். சீனத்தில் "சி ல மா" என்றால் "சாப்பிட்டாச்சா" என்று பொருள். நம் ஊரைப் போலவே அங்கும் அது வெறும் நலம் விசாரிப்புதான்.

யார் பணத்தில் வந்திருக்கிறார்?

இதைத் தெரிந்துகொண்டால் மற்றதில் பாதி தானாகப் புரியும். நேரடியாகக் கேட்காதீர்கள், பழகப் பழக அவரே சொல்வார்.

வெளிநாடு வரும் சீன ஆய்வு மாணவர்களில் பெரிய பகுதி சி.எஸ்.சி. எனப்படும் சீன உதவித்தொகை மன்றத்தின் பணத்தில் வருகிறார்கள். 1996ல் தொடங்கப்பட்ட அரசு அமைப்பு அது. புறப்படும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் பணியாற்ற வேண்டும். மீறினால் வாங்கிய பணம் முழுவதையும், அதற்கு மேல் 30 சதவீத அபராதத்தையும் கட்ட வேண்டும். இதற்கு ஊரில் இருப்பவர்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஜாமீன் கையெழுத்து என்றால் என்ன என்று தமிழ்க் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் தோழிக்குப் போட்டவர் அவருடைய சித்தப்பா. படிப்பில் ஏதாவது சறுக்கினால் அடி சித்தப்பா தலையில்தான் விழும் என்ற நினைப்போடுதான் அவர் தினமும் லேபுக்கு வந்தார்.

வந்து சேர்ந்ததும் சீனத் தூதரகத்தின் கல்விப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வப்போது படிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று அறிக்கை அனுப்ப வேண்டும். இதையெல்லாம் காரணம் காட்டிச் சில பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்திவிட்டன. ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழகம் 2023 ஜூன் முதல், சி.எஸ்.சி. பணத்தை மட்டும் நம்பி வரும் ஆய்வு மாணவர்களை எடுப்பதில்லை. பாதுகாப்பு பற்றிய அவர்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் கான்சுவில் ஒரு கிராமத்து ஆசிரியரின் மகளுக்கு வெளிநாடு வர இருந்த ஒரே வழி அந்தப் பணம்தான் என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வருமானம். ஜெர்மனியில் நம்மில் பலர் பல்கலைக்கழக ஊழியர்களாகச் சேருவோம். சம்பளம், ஓய்வூதியப் பிடித்தம், வேலை போனால் கிடைக்கும் உதவி எல்லாம் உண்டு. உதவித்தொகையில் வந்தவருக்கு இவை எதுவும் இல்லை. ஒரே அறை, ஒரே கருவி, ஒரே இரவுப் பணி, ஆனால் கைக்கு வரும் தொகையும் பாதுகாப்பும் வேறு வேறு. "வாரக் கடைசியில் பாரிஸ் போகலாமா" என்று நீங்கள் கூப்பிட்டு அவர் வேலை இருக்கிறது என்றால், அது கணக்குப் பார்த்துச் சொன்ன பதிலாகவும் இருக்கலாம்.

இந்த உதவித்தொகை பெரும்பாலும் 36 முதல் 48 மாதம் வரை. ஜெர்மனியில் பி.எச்டி நாலைந்து வருடம் இழுக்கும். நடுவில் விழும் அந்தப் பள்ளத்துக்கு சீன மாணவர்கள் பயத்தோடு சொல்லும் சொல் 'யென்பி', அதாவது பட்டம் தள்ளிப்போவது. மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே, பணம் நின்றபின் என்ன ஏற்பாடு என்று கைடிடம் பேசச் சொல்லுங்கள். குறுகிய கால வேலை ஒப்பந்தம், முடிக்கும் கட்டத்தில் இருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கான உதவி போன்றவை பல பல்கலைக்கழகங்களில் உண்டு. கேட்பவருக்குத்தான் கிடைக்கும், அவர் கேட்கக் கூச்சப்படுவார். நான் மின்னஞ்சல் வரைவு எழுதிக் கொடுத்தேன், ஐந்தே வரி. அவர் அதை அனுப்ப மூன்று நாள் எடுத்துக்கொண்டார். ஆறு மாத ஒப்பந்தம் கிடைத்தது.

விசா: அவருடையதும் உங்களுடையதும் ஒன்றல்ல

நமக்கும் விசாவில் அலைச்சல் உண்டு. ஆனால் சீன மாணவருக்கு, 18 வயதில் எந்தக் கல்லூரிக்குப் போனார் என்பது 28 வயதில் குறுக்கே வந்து நிற்கிறது. 2020 மே 29 அன்று வெளியான அமெரிக்க அதிபரின் பிரகடனம் 10043, சீன ராணுவத்துக்குத் தொழில்நுட்பம் சேர்க்கும் நிறுவனங்களோடு தொடர்புள்ள பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் விசாவை மறுக்கிறது. ஹார்பின் தொழில்நுட்பக் கழகம், பெய்ஹாங் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஏழு நிறுவனங்களைச் சீனத்தில் 'தேசப் பாதுகாப்பின் ஏழு மைந்தர்கள்' என்பார்கள். அவற்றில் படித்தவர்கள் இதில் அதிகம் மாட்டினார்கள். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்ததால் அங்கே சேர்ந்த பிள்ளைகள்தான் அவர்களில் பலரும். அதற்கு முன்பே, 2018 ஜூனிலிருந்து, ரோபோ, விமானவியல் போன்ற துறைகளின் சீன மாணவர்களுக்கு ஐந்து வருட விசாவுக்குப் பதில் ஒரு வருட விசா என்று சுருக்கிவிட்டார்கள். ஒருமுறை ஊருக்குப் போய் வர நினைத்தாலும் மறுபடி தூதரக வரிசை. அங்கே கூடுதல் விசாரணைக்கு ஒதுக்கிவிட்டால், "செக் ஆகிவிட்டது" என்பார்கள். வாரக் கணக்கிலும் போகும், மாதக் கணக்கிலும் போகும்.

சீனாவுக்காக உளவு பார்ப்பவர்களைப் பிடிக்கவென்று அமெரிக்க நீதித்துறை 2018 நவம்பரில் தொடங்கிய 'சைனா இனிஷியேட்டிவ்' திட்டத்தின்போது, அந்நாட்டின் எம்.ஐ.டி. பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். ஒரு வருடம் கழித்து வழக்கை அரசே கைவிட்டது. 2022 பிப்ரவரியில் திட்டத்தையும் நிறுத்தினார்கள். மாணவர்கள் மனதில் ஏறிய பயம் அதோடு இறங்கவில்லை. 2025 மே மாதக் கடைசியில், சீன மாணவர் விசாக்களைத் தீவிரமாக ரத்து செய்வோம் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அறிவித்த மறுநாள், எந்த நாட்டு லேபிலும் சீன மாணவர்கள் வேறு எதைப் பற்றியும் பேசியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். மாநாட்டுக்கு அவர் வர முடியாமல் போனால், ஆய்வை விளக்கும் அவருடைய போஸ்டரை நீங்கள் எடுத்துப் போங்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு என் தோழியின் விசா வந்து சேரவில்லை. நான் அவர் போஸ்டரை மாட்டி, பக்கத்தில் அவர் படத்தையும் மின்னஞ்சலையும் ஒட்டினேன். வந்து கேட்டவர்களின் பெயரையும் கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். அந்த நோட்டில் இருந்த ஒரு பெயர்தான் பிறகு அவருடைய தேர்வுக் குழுவில் உட்கார்ந்தது. பிரிட்டனுக்குப் போகிறவர்கள் ஏடாஸ் என்ற முன் அனுமதியைச் சீக்கிரமே விண்ணப்பிக்க வேண்டும். குறிப்பிட்ட அறிவியல், பொறியியல் துறைகளில் அது இந்தியருக்கும் கட்டாயம், அதனால் இருவரும் சேர்ந்தே செய்துவிடலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். தைவான், ஹாங்காங், சின்ஜியாங் பற்றி நாலு பேர் முன்னால் அவரிடம் கருத்துக் கேட்காதீர்கள். சுவாரசியமான அரட்டை என்று நீங்கள் நினைப்பீர்கள். அதே மேசையில் அவர் நாட்டுக்காரர் இன்னும் இருவர் இருப்பார்கள், யார் எதை எங்கே சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவராகத் தனியே பேசினால் கேளுங்கள். அது உங்களோடு நிற்கட்டும்.

குரூப் மீட்டிங்கில் அவர் ஏன் பேசுவதில்லை?

சீன லேபில் கைடை மாணவர்கள் தங்களுக்குள் 'லாவ்பான்' என்பார்கள், முதலாளி என்று பொருள். ஆனால் உண்மையில் வேலை கற்றுக்கொடுப்பவர் லாவ்பான் இல்லை. மூத்த மாணவர்தான். ஆணென்றால் 'ஷிஷியோங்', பெண்ணென்றால் 'ஷிஜியே'. ஒரே குருவிடம் படிக்கும் அண்ணன், அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியை எப்படித் திறப்பது, லாவ்பானுக்கு எந்த வரைபடம் பிடிக்கும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுவரை அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். தெரியாததைக் கைடிடம் கேட்டு மானம் போக வேண்டியதில்லை.

இங்கே வந்தால் அந்த அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை. கைடு "என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடு, உனக்கு என்ன தோன்றுகிறதோ செய்" என்பார். அது சுதந்திரம் என்று அவர் நினைக்கிறார். வந்தவருக்கோ அது நடுக்காட்டில் இறக்கிவிட்டதைப் போல இருக்கும். ஒரு வருடம் கழித்து அதே கைடு "இவருக்குச் சொந்தமாக யோசனை இல்லை" என்று மதிப்பீட்டில் எழுதுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மீட்டிங் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒருவர் முடிவுகளைக் காட்டினார், எல்லோரும் தலையாட்டினோம். கேள்வி உண்டா என்றார் கைடு. தோழி தன் தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது மெதுவாக என்னிடம் சொன்னார்: "அந்த கன்ட்ரோல் சாம்பிளை வேறு வெப்பநிலையில் வைத்திருக்கிறார். கிராஃபில் மூன்றாவது புள்ளியிலேயே தெரிகிறது." இரண்டு மாதம் கழித்து அந்தச் சோதனை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டி வந்தது, அவர் சொன்ன அதே காரணத்துக்காக.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். மீட்டிங்குக்கு முன் பத்து நிமிடம் காபி. அவர் தன் கேள்வியை என்னிடம் சொல்லிப் பார்ப்பார். உள்ளே போனதும் நான் பொதுவாக ஏதாவது கேட்டு, "இதைப் பற்றி இவரும் ஒன்று கவனித்தார்" என்று அவர் பக்கம் திருப்புவேன். நானே அந்தக் கேள்வியைச் சொல்லிவிட மாட்டேன், அது அவருடையது. நாலாவது மாதம் என் உதவி தேவைப்படவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று, "சரி" என்ற பதில். "புரிந்ததா?" என்று கேட்டால் ஆமாம் என்றே வரும், நம்மிலும் பாதிப் பேர் அப்படித்தான். "நாளைக்கு முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள், உண்மை நிலவரம் தெரியும். கைடோடு பேசி முடித்ததும், பேசியதை மூன்று வரியில் எழுதி அவருக்கே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அன்றே திருத்திவிடுவார், ஆறு மாதம் மிச்சம்.

வீடு, சாப்பாடு, பண்டிகை

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதியம் 12 மணிக்குச் சூடாகச் சாப்பிட வேண்டும், குடிக்கச் சுடுதண்ணீர் வேண்டும். ஜில்லென்ற சாண்ட்விச் இருவருக்குமே இறங்காது. ஒரு ரைஸ் குக்கரைச் சேர்ந்து வாங்குங்கள்.

சீனப் புத்தாண்டு அன்று ஜெர்மனியில் விடுமுறை கிடையாது, நம் பொங்கலைப் போலத்தான். முந்தைய நாள் இரவு 8 மணிக்குச் சீனத் தொலைக்காட்சியில் தொடங்கும் சுன்வான் என்ற புத்தாண்டுக் கலைநிகழ்ச்சியை 1983லிருந்து குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஜெர்மனியில் அப்போது மதியம் ஒரு மணி. லேப் கணினியில் சத்தத்தைக் குறைத்து வைத்து அவர் பார்த்துக்கொண்டிருந்தால், அன்று மதிய வேலையை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் விஷயம்தான் கனமானது. இப்போது பி.எச்டி செய்யும் வயதில் இருக்கும் சீனர்கள் ஒரு குழந்தைக் கொள்கைக் காலத்தில் பிறந்தவர்கள். அந்தக் கொள்கை 2015 முடிய நடைமுறையில் இருந்தது. பலருக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஊரில் வேறு பிள்ளை இல்லை.

கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் முதல் சீனாவுக்கான விமானங்களை வெகுவாகக் குறைத்தார்கள். ஏறும் முன் சோதனைகள், இறங்கியதும் ஹோட்டலில் இரண்டு மூன்று வாரம் தனிமை. அந்தக் கட்டாயத் தனிமை முடிவுக்கு வந்தது 2023 ஜனவரி 8ஆம் தேதி. 2021 குளிர்காலத்தில் தோழியின் பாட்டி படுக்கையில் விழுந்தார். டிக்கெட் விலை அவருடைய பல மாதச் செலவுக்குச் சமம். போனாலும் தனிமையில் கிடக்கும்போதே எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். நடைபாதை ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைத்து, பாட்டி மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே அன்றைய அளவீடுகளை எழுதிக்கொண்டிருந்தார். நான் சுடுதண்ணீர் ஒரு கோப்பை கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். "மெய் ஷி" என்றார். ஒன்றுமில்லை என்று பொருள். சீன நண்பர் அந்தச் சொல்லைச் சொன்னால் நம்பி நகர்ந்துவிடாதீர்கள். நான் அன்று நகரவில்லை, அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன்.

மனது தளரும்போது

நேச்சர் இதழ் 2019ல் 6,000க்கும் மேற்பட்ட பி.எச்டி மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், படிப்பால் வந்த பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி நாடியதாகச் சொன்னவர்கள் 36 சதவீதம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் சீன மாணவர்களிடம் நடத்தி 2013ல் வெளியிட்ட ஆய்வில் 45 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அங்கே ஆலோசனை மையம் இருப்பதே தெரியாது என்றவர்கள் கால்வாசிக்கும் மேல்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சின்னவை. மதியச் சாப்பாட்டுக்கு வராமல் போவது, பகலை விட்டு இரவில் மட்டும் லேபுக்கு வருவது, மூன்று மீட்டிங்காக ஒரே ஸ்லைடைக் காட்டுவது. தெரிந்தால் "மனநல ஆலோசகரைப் பார்" என்று அறிவுரை சொல்லாதீர்கள். தொலைபேசி எண்ணைத் தேடி, நேரம் வாங்கி, வாசல்வரை கூடப் போங்கள். அங்கே பேசுவது கைடுக்கும் தூதரகத்துக்கும் போகாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், பெரிய தடையே அந்தப் பயம்தான். சீன மொழியில் பேசும் ஆலோசகர் கிடைப்பாரா என்றும் விசாரித்துப் பாருங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் ஐரோப்பாவில் 112, அமெரிக்காவில் 911.

கைடே பிரச்சினையாக இருந்தால்? வேறொரு துறையில் ஒரு சீன மாணவரின் ஆய்வேட்டை அவருடைய கைடு எட்டு மாதம் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் யாரிடமும் போகவில்லை, உதவித்தொகைக்கு வேண்டிய கடிதத்தில் கையெழுத்துப் போடுபவரும் அதே கைடுதான். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் இத்தகைய தகராறுகளுக்கென்றே நடுநிலையான குறைதீர்ப்பவர் உண்டு. முதலில் பெயரைச் சொல்லாமலும் விசாரிக்கலாம். தேதியோடு எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கடைசி வருடம்: 35 என்ற எண்

"அவசரமில்லை, இன்னும் ஒரு வருடம் எடுத்துக்கொள், நல்ல இதழில் போடலாம்" என்று கைடு அன்போடுதான் சொல்வார். சீனா திரும்புபவருக்கு அந்த ஒரு வருடத்தின் விலை வேறு. அங்கே பல பல்கலைக்கழக வேலைகளுக்கு 35 வயது வரம்பு. இளம் ஆய்வாளர்களுக்கான தேசிய நிதிக்கு ஆண்களுக்கு 35, பெண்களுக்கு 40. முப்பதில் பட்டம், மேலே மூன்று வருடம் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி என்றால் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பாருங்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்புபவரை 'ஹைகுய்' என்பார்கள், கடலாமைக்கும் அதே உச்சரிப்பு. திரும்பி வந்து வேலைக்குக் காத்திருப்பவருக்கு 'ஹைதாய்', அது கடற்பாசியைப் போல ஒலிக்கும். ஆமையாகப் போய்ப் பாசியாக மிதக்க யாருக்கும் ஆசையில்லை.

அதனால் வைவா எனப்படும் இறுதி வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வருடம் முன்பே தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். ஜெர்மனியில் வைவா முடிந்தாலும், பொதுவாக ஆய்வேட்டைப் பதிப்பித்து நூலகத்தில் ஒப்படைத்த பிறகே பட்டச் சான்றிதழ் தருவார்கள். சீனாவில் வேலையில் சேர, அந்தச் சான்றிதழைக் கல்வி அமைச்சகத்தின் மையம் ஒன்று சரிபார்த்து அங்கீகரிக்க வேண்டும். பதிப்பு தாமதமானால் எல்லாம் தாமதம். பழைய பாஸ்போர்ட்டுகளையும் சேர்க்கைக் கடிதங்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிளம்பும் வாரம்

முகவரி வாங்கிக்கொள்ளும்போது ஒரு சிக்கல் வரும். ஜிமெயிலும் வாட்ஸப்பும் சீனாவில் திறக்காது. அவர்கள் எல்லோரும் வீசாட்டில் இருப்பார்கள், அதை 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடை செய்துவிட்டது. பல்கலைக்கழக மின்னஞ்சல் கொஞ்ச நாளில் மூடிவிடும். ஆக, இருவரும் அவரவர் ஊருக்குத் திரும்பினால் பேச வழியே இருக்காது. நாங்கள் ஆளுக்கொரு அவுட்லுக் கணக்குத் திறந்து, லேபை விட்டுக் கிளம்பும் முன்பே சோதனைக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்துக்கொண்டோம். அவர் எனக்கு அனுப்பிய முதல் கடிதத்தில் மூன்றே எழுத்து, சி ல மா. கான்சுவின் தலைநகர் லான்சோவிலிருந்து இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்.